கிழக்குச் சுவரை முட்டிய கடலாமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டே எனக்கு நிறைய வருஷம் ஓடிவிட்டது. எழுதுவதற்கென்று இரண்டு முறை நோட்டு வாங்கினேன். ஒன்றில் என் மனைவி கோலம் போட்டுப் பார்த்தாள். இன்னொன்றைக் கரையான் தின்றது. நோட்டின் மேல் குற்றமில்லை, எனக்குத்தான் பயம்.

கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதன் கரையில் கல்லில் அடித்த ஆமை ஒன்று இருக்கிறது. போகிற வருகிறவர்கள் அதன் முதுகில் மஞ்சள் குங்குமம் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மலையை நினைத்து வலம் வந்து முக்தி அடைந்த ஆமை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அந்த ஆமையைக் கொண்டுவந்தவன் நான். அது வலம் வரவில்லை. இதைச் சொன்னால் கும்பிடுகிறவர்கள் மனம் நோகுமே என்று இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது கண் மங்கி வருகிறது. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ஏழு சைக்கிள், அதில் இரண்டு எப்போதும் கவிழ்த்துப்போட்டுக் கிடக்கும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களும் வெளியூர் ஆட்களும் மணிக் கணக்கில் எடுத்துப் போவார்கள். காலையில் குளித்து, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் கடைப் பலகையை எடுப்பேன். பௌர்ணமிக்கு நானும் என் மனைவியும் மலை சுற்றுவோம். அப்போதெல்லாம் இந்தக் கூட்டம் கிடையாது. நடந்தால் நம் காலடி நமக்கே கேட்கும்.

எங்கள் பக்கம் கிணறு தூர் வாரும்போது சேற்றில் ஆமை அகப்பட்டால் அதைத் தூக்கிப்போட மாட்டார்கள். ஒரு பானையில் வைத்துக் கொண்டுபோய் ஏதாவது கோயில் குளத்தில் விட்டுவிட்டு, கற்பூரம் ஏற்றிவிட்டு வருவார்கள். நானே மூன்று ஆமை விட்டிருக்கிறேன். ஆமை என்றால் கோயில் குளம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் நடந்ததற்கு இந்தப் பழக்கம்தான் வேர்.

என் மனைவியின் தம்பி உப்பு லாரி ஓட்டினான். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் மரக்காணம் போய் உப்பு ஏற்றி வருவான். அந்த வருஷம் மாசி மகத்துக்குக் கடலில் முழுக வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். "என் லாரியிலயே வாங்க மாமா, அக்காவும் நீங்களும் முன்னாடி உக்காந்துக்கலாம்" என்றான். போனோம்.

நான் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. விடிந்து வெயில் ஏறாத நேரம். மூன்று முழுக்குப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையேறினேன். எதிரில் நாலைந்து பேர் வலையைச் சுற்றி நின்றார்கள். வலைக்குள் ஒரு ஆமை. கிணற்றாமை இரண்டு கையில் அடங்கும். இது எங்கள் வீட்டு அம்மிக்கல்லைப் போல மூன்று மடங்கு. கால் இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு. கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து மணலில் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆமை உருவம் எடுத்துச் சிவனைப் பூஜித்த கதை நினைவுக்கு வந்தது. மகத்து முழுக்கு முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரில் ஆமை, அதுவும் அழுதுகொண்டு. இது சும்மா நடக்குமா?

"இதை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். நிமிராமலே சொன்னார்: "இன்னா பண்றது, உட வேண்டியதுதான்."

"எங்க விடுவீங்க?"

"கடலுக்குப் பக்கத்துல நின்னுக்கினு எங்க உடுவேன்னு கேக்கறாரு பாரு" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் திருவண்ணாமலை. எனக்குக் குடுங்க. சாமி குளத்துல விடறேன்" என்றேன்.

அவர் இப்போது நிமிர்ந்தார். "கொளத்துலயா? இது உப்புத் தண்ணி ஜீவன் அய்யா. நல்ல தண்ணி ஆவாது. முட்டை போட வந்திருக்குது. ஒலகமெல்லாம் சுத்திட்டு, பொறந்த கரைய தேடிக்கினு வந்து முட்டை போடும். இந்தக் கரையில வருஷா வருஷம் பாக்கறோம்."

"அண்ணாமலையார் தீர்த்தங்க அது. அதுல என்ன ஆவும்? அவரே கூப்பிட்டிருக்காரு. பாருங்க, அழுவுது."

"இது கரையேறினா எப்பவும் இப்படித்தான் அழுவும்."

"ஏங்க, அவரு சொல்றாரு இல்ல, விட்டுடுங்க" என்று என் மனைவி ஈரப் புடவையோடு முணுமுணுத்தாள். நான் கேட்கவில்லை. சாமி காரியம், சாமி காரியம் என்று நாலு தரம் சொன்னேன். கடைசியில் அவர் கையை விரித்தார்.

"சாமின்னு சொல்லிட்டா அப்புறம் நான் இன்னா பேசறது? ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. அது ஒத்துக்கலன்னா திருப்பி இங்கயே கொண்டாந்து உடுங்க. இதே கரையில. வேற எங்கயும் உடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். பக்தி மட்டும்தான் என்னை அப்படிப் பேச வைத்தது என்று சொன்னால் அது பொய். கடலாமையை மலைக்குக் கொண்டுவந்தவன் என்று ஊர் என்னைப் பேசும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது.

உப்பு மூட்டைகளின் மேல் ஈரச் சாக்குப் போட்டு அதைப் படுக்க வைத்தோம். நானும் பின்னாலேயே உட்கார்ந்தேன். திண்டிவனம் தாண்டும்போது அது மெல்ல மெல்ல நகர்ந்து லாரியின் பின்கதவுக்குப் போய்விட்டது. தூக்கி முன்னால் வைத்தேன். செஞ்சிக்குள் பழையபடி பின்கதவில் தலையை முட்டிக்கொண்டிருந்தது. செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினபோது மச்சான் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, உங்க சாமி எறங்கி ஊட்டுக்குப் போவப் பாக்குது?"

"வாயை மூடுறா. குலுக்கல்ல நகருது."

"என் லாரியில முப்பது மூட்டை இருக்குது. அதுல ஒண்ணு கூட நகரல."

அதற்கும் நான் யோசிக்கவில்லை.

குளத்துக்கு மூன்று பக்கம் படி, கிழக்குப் பக்கம் மட்டும் செங்குத்தான கல் சுவர். கரையில் ஒரு பிள்ளையார். அவருக்கு விளக்கு ஏற்றி, பூ வைக்கும் பண்டாரம் ஒருவர் அங்கேயே இருந்தார். அவரிடம் சொல்லிவிட்டு, நாலு பேராகப் படியிறக்கி ஆமையைத் தண்ணீரில் விட்டோம். ஒரு நிமிஷம் முங்கிக் காணாமல் போனது. அப்புறம் சுவரோரமாகத் தலை தெரிந்தது. ஓரமாகவே நீந்திப் படியைத் தொட்டு, மறுபடி சுவர், மறுபடி படி. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. எல்லாம் வலப்பக்கமாகவே.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன்.

"பாருங்க! வலம் வருது! மலையை நெனச்சு வலம் வருது! காந்த மலைன்னு சொல்லுவாங்களே, கடல்லேர்ந்து இழுத்துடுச்சு!"

பண்டாரம் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர். மறுநாள் மாலை, தேங்காய், கற்பூரம். ஊரில் யார் சைக்கிள் எடுக்க வந்தாலும், "ஆமை கொண்டாந்தது நீங்கதானே?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். மகம், முழுக்கு, கண்ணீர், வலம். மீன்காரர் சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

பத்து நாள் போயிருக்கும். என் மனைவி கீரையும் பொரியும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அது எதையும் தொடல. வந்ததிலேர்ந்து ஒரு வாய் தின்னல."

"விரதமா இருக்கும்."

"உங்க தலை விரதம். எங்க அப்பா ஒரு மாட்டைக் கீழ்பென்னாத்தூர் சந்தையில வித்தாரே, ஞாபகம் இருக்குதா? மூணாம் நாள் கயித்தை அறுத்துக்கினு எங்க வாசல்ல வந்து நின்னுச்சே? வாங்கினவன் சொன்னான், கட்டின எடத்துல சுத்தி சுத்தி வந்துச்சாம், எங்க ஊரு பக்கமே பாத்துக்கினு. இதுவும் அப்படித்தான் சுத்துது. சாமியும் கும்பிடல, ஒண்ணும் கும்பிடல. வெளிய போவ வழி தேடுது."

கோபம் வந்தது. ஆனால் மறுநாள் நானே போய் மதியம் வரை உட்கார்ந்து பார்த்தேன். உச்சி வெயிலில் யாரும் இல்லை. சுற்று குறைந்துவிட்டிருந்தது. கிழக்குச் சுவரில், நடுவுக்குக் கொஞ்சம் தெற்கே, ஒரே இடத்தில் மூக்கை வைத்துத் துடுப்பை அடித்துக்கொண்டிருந்தது. களைத்தால் மேலே வந்து மூச்சு விடும். மறுபடி அதே இடம். கல்லில் மூக்கு உரசின இடம் பாசி போய் வெளுத்திருந்தது.

அந்த வாரம்தான் வெள்ளைக்கார அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். ஆசிரமத்துப் பக்கம் மூன்று வருஷமாக இருப்பவர். காய்காரியிடம் பேசிப் பேசிக் கற்ற தமிழ். சைக்கிளைக் கடைப் பலகையில் சாத்திவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"குளத்தில் ஆமை, நீ வைச்சே?"

"ஆமாம்மா. வலம் வருது, பாத்தீங்களா?"

"வலம் இல்லை. தப்பு. ரொம்ப தப்பு. அது கடல் ஆமை. செத்துப் போவும்."

அவர் பிறந்தது ஒரு தீவாம். சின்ன வயதில் ஆமை முட்டையிடுவதை அங்கே பார்த்திருக்கிறாராம். கண்ணீர் அழுகை இல்லை, உடம்பில் சேரும் உப்பைக் கண் வழியாக வெளியே தள்ளுகிறது என்றார். குஞ்சு மணலிலிருந்து வெளியே வந்ததும் கடலுக்குள் போய்விடும், எத்தனையோ வருஷம் கழித்து, ஆயிரக்கணக்கான மைல் சுற்றிவிட்டு, முட்டையிடத் தான் பிறந்த கரைப் பக்கமே திரும்பி வரும் என்றார். மரக்காணத்து மீன்காரர் சொன்ன அதே பேச்சு.

"எப்படிம்மா தெரியும் அதுக்கு? கடல்ல ரோடா இருக்குது? மைல் கல்லா இருக்குது?"

அவர் கையை விரித்தார். "யாருக்கும் சரியா தெரியாது. சில பேர் சூரியன் சொல்றாங்க. சில பேர் அலை, தண்ணி வாசனை. சில பேர்..." என்று தேடினார். வார்த்தை கிடைக்கவில்லை. கீழே பார்த்தார். பழைய டைனமோவிலிருந்து கழற்றின காந்தத்தை நான் ஒரு நூலில் கட்டி வைத்திருப்பேன். மண்ணில் சிந்தின சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்க அதுதான் வசதி. அவர் அந்தக் காந்தத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினார்.

"இது. பூமி பெரிசா இது. ஆமை தலையில் சின்னதா இது. அதுக்கு இழுக்கும்."

இருபது வருஷமாக மண்ணில் ஆட்டின காந்தம். அவர் போன பிறகு ஒரு ஊசியை அதில் தேய்த்து, ஒரு அரச இலையில் வைத்து, பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டேன். இலை மெல்லத் திரும்பி நின்றது. தட்டிவிட்டேன். ஆடிவிட்டு மறுபடி அதே பக்கம் நின்றது. எத்தனை தரம் தட்டினாலும் அதே பக்கம். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. கிழக்கே கொஞ்சம் தெற்கு. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம்தான் கடல். காந்தத்தாலா, வேறு எதனாலா, அதை நான் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஒரு கல் சுவர் நின்றது. அதற்குப் பின்னால் வயலும் ரோடும் செஞ்சி மலையும்.

அன்றே பண்டாரத்திடம் போனேன். அதைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"என்னாச்சு உனக்கு? தானா வந்த சாமியை அனுப்பறதா?"

"தானா வரலீங்க. நான்தான் தூக்கினு வந்தேன்."

"உன்னைத் தூக்க வெச்சது யாரு?"

இந்த வாதத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். மரக்காணத்தில் நான் பேசின பேச்சு அப்படியே எனக்குத் திரும்பி வந்தது.

பதினைந்தாம் நாள் மச்சான் காலி லாரியைக் கொண்டுவந்து குளத்தருகே நிறுத்தினான். அன்று அமாவாசை என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். படியெல்லாம் ஆட்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினதும் சத்தம் கிளம்பியது.

"ஏய், யாருப்பா அது, ஏறு மேல!"

"இவரு கொண்டாந்தாருன்னா இவரு ஊட்டுச் சொத்தா?"

நான் தண்ணீரில் நின்றபடியே சொன்னேன். வலம் வரவில்லை, கடலுக்கு வழி தேடுகிறது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று. ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "வலம் வருதுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்ப உனக்கு அண்ணாமலையார் சொன்னாரு. இப்ப யாரு சொன்னது?"

"ஆசிரமத்துப் பக்கம் ஒரு அம்மா..." என்று இழுத்தேன். கூட்டத்தில் ஒருவர், "வெள்ளைக்காரி சொன்னாளாம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோபமான சிரிப்பில்லை. பித்துப் பிடித்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. என் கையைப் பிடித்து மேலே ஏற்றித் துண்டு கொடுத்துத் துவட்டக்கூடச் செய்தார்கள். நல்ல ஜனங்கள்தான். அதனால்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடித்திருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன். லாரி காலியாகவே மரக்காணம் போனது.

அப்புறம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல தண்ணீர்தானே ஆகாது, தண்ணீரை உப்பாக்கிவிட்டால்? மச்சான் திரும்பி வரும்போது இரண்டு மூட்டைக் கல்லுப்பு வாங்கி வைத்தேன். விடியற்காலையில், யாரும் வருவதற்கு முன்னால், கிழக்குச் சுவர் மேல் நின்று இரண்டு மூட்டையையும் அது மூக்கை உரசும் இடத்தில் கொட்டினேன். ஒரு குளத்துக்கு இரண்டு மூட்டை! நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் பூப்பறிக்க வந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டார். "வேண்டுதலா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். மரு உதிர உப்பும் மிளகும் குளத்தில் போடுவது ஊர் வழக்கம்தானே. இரண்டே நாளில் ஆமைக் குளத்தில் உப்புப் போட்டால் மரு உதிரும் என்று ஆகிவிட்டது. காகிதப் பொட்டலத்தில் உப்பு, மிளகு, அதோடு காகிதமும். எல்லாம் ஆமையின் முதுகிலேயே விழுந்தது.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க எதைத் தொட்டாலும் அதுக்கு ஒரு பூஜை ஆரம்பிச்சுடறாங்க. கையை வெச்சுக்கினு சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஓட்டின் மேல் பச்சைப் பாசி படர்ந்தது. கண்ணில் வெள்ளை விழ ஆரம்பித்தது. கழுத்துத் தோல் ஊறி உரிந்தது. அந்தக் கண்ணோடும் அது அந்த இடத்தை விடவில்லை. நான் மலையைப் பார்த்து, "நீயே ஒரு வழி விடு" என்று கேட்பேன். மலை எப்போதும் போல இருந்தது. என் சாமி மேல் எனக்குக் குறை இல்லை. அதன் தலைக்குள் அந்த வழியை எழுதி வைத்ததும் அவர்தானே. அவர் எழுதினதை அவர் பேரைச் சொல்லியே நான் மறித்தேன். இனி எந்த முகத்தோடு கேட்பது?

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் பண்டாரம் கடைக்கே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "வா" என்று மட்டும் சொன்னார்.

அது தென்பக்கப் படியில் ஏறிக் கிடந்தது. நாலு படி எப்படித்தான் ஏறியதோ. பின்துடுப்பு இரண்டையும் மாற்றி மாற்றிக் கருங்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது. மணல் தோண்டுகிற மாதிரி. தேய்த்துத் தேய்த்துத் தோல் கிழிந்து கல்லில் ரத்தம். பின்னால் முட்டைகள், வெள்ளையாக, உருண்டையாக, எலுமிச்சை அளவு. சில படியிலேயே நின்றன. சில உருண்டு தண்ணீரில் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் துடுப்பால் மண் தள்ளி மூடுவது போல வெறும் கல்லைத் துழாவியது.

பண்டாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் குடும்பம் கிடையாது. முட்டை ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இத்தினி நாளா இதுக்கு எடம் கேட்டுக்கினு இருந்துச்சா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"நான் மணி அடிச்சுக்கினு இருந்திருக்கேன்." எழுந்து துண்டை இறுக்கிக் கட்டினார். "தூக்கு. எவன் வந்து கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

நல்ல வேளையாக மச்சான் அன்று ஊரில் இருந்தான். முட்டைகளை ஈர மண்ணோடு ஒரு கூடையில் வைத்தோம். பண்டாரம் பாதையில் குறுக்கே நின்று, கேட்டவர்களிடம், "உத்தரவு ஆயிடுச்சு, போவணும்னு சொல்லிடுச்சு" என்றார். அவர் பேச்சுக்கு எல்லோரும் விலகினார்கள். நான் உண்மையைச் சொன்னபோது விலகாதவர்கள்.

ஏற்றும்போது அதன் தலை லாரியின் பின்பக்கம் பார்த்து இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டினதும் துடுப்பை ஒருமுறை உதைத்தது. கொஞ்சம் திரும்பியது. செஞ்சிக் கோட்டை தெரியும்போது முழுக்கத் திரும்பி முன்பக்கம் பார்த்திருந்தது. லாரி போகிற பக்கம். கண் இரண்டும் வெள்ளையாக மூடியிருந்தது. ஒன்றும் தெரிந்திருக்காது. எப்படித் திரும்பியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"வேகமா போடா!" என்று கத்தினேன்.

"இதுக்கு மேல போனா வண்டி கழண்டுடும் மாமா!"

திண்டிவனத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ஒரு கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாக முடிவே இல்லாமல் போனது. நான் அதன் மூக்கின் முன்னால் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு பட்டது. நீண்ட இடைவெளி விட்டு மறுபடி பட்டது. அப்புறம் வெகுநேரம் காத்திருந்தேன். கேட் திறந்தது. வண்டி நகர்ந்தது. கையை நான் எடுக்கவில்லை. மரக்காணம் போகிற வரைக்கும் எடுக்கவில்லை. ஒன்றும் படவில்லை.

அதே கரைதான். அதே மீன்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து வந்து, சாக்கை விலக்கிப் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலை. வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சள் துணி எடுத்துவந்து போர்த்தி, ஆள் வைத்துக் குழி தோண்டி, தலை கடல் பக்கம் இருக்கும்படி வைத்து மூடினார். கூடையைக் காட்டினேன்.

"இது இனிமே பொரியாது" என்றார். கையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு, "ஆனாலும் பொதைச்சு வெச்சுட்டுப் போங்க" என்றார்.

மணலில் முழங்கை ஆழம் தோண்டி நானே வைத்தேன். கை வலிக்கவே இல்லை. மணல் அப்படி இளகி வந்தது. கருங்கல்லில் அது தோண்டினது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். வழியில் செத்துப்போனது, நான்தான் கொன்றேன் என்றேன். அது காதுக்குக் காது போய், வழியில் முக்தி ஆனது என்று ஆனது. அப்புறம் மலையைப் பார்த்தபடியே முக்தி ஆனது என்று ஆனது. எண்பதுகளின் நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் வேண்டுதலுக்குக் கல்லாமை செய்து வைத்தார். அதன் முகத்தை மேற்கே, மலையைப் பார்த்து வைத்தார்கள். அந்த விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு நின்றேன். அன்று மூடின வாயை அப்புறம் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து ரேடியோவில் ஒருவர் பேசினார். கடலாமை பூமியின் காந்தத்தை உணர்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு கரைக்கும் அந்தக் காந்தத்தில் ஒரு தனி அடையாளம் உண்டு, பிறந்த கரையின் அடையாளத்தை அது நினைவில் வைத்திருக்கலாம் என்றார். இன்னும் முழுக்கத் தெரியவில்லை என்றும் சொன்னார். நான் ரேடியோவை நிறுத்தினேன். அந்த டைனமோ காந்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைக் கொண்டு பால்ரஸ் பொறுக்க எனக்கு அப்புறம் மனம் வரவில்லை.

கல்லாமையை எடுத்துவிடச் சொல்லவில்லை. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், நானும் அந்த வழியாகப் போனால் ஒரு கும்பிடு போடுகிறேன். மன்னிப்புக் கேட்கிற கும்பிடு அது. இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். யாருக்காவது இதைச் சொன்னால், நான் சொன்னபடியே சொல்லுங்கள். பக்திக்காகவென்று ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். வலம் என்று நான் கூட்டின ஒரே ஒரு வார்த்தை, அந்த ஆமையைக் குளத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டது. அது முட்டினது கிழக்குச் சுவரை. அதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.